குறுக்குப் பீம்

பலகை அடித்து, கம்பி கட்டி முடித்திருந்த பாலத்தின் கீழே நின்று றாஹிலா அண்ணாந்து பார்த்தாள். தான் கணக்குச் செய்த பாலத்தை அவள் நேரில் காண்பது அதுதான் முதல் தடவை. பெருநாள் லீவில் கல்முனைக்கு வந்தவளை வாப்பா மீராமுகைதீன்தான் நற்பிட்டிமுனை வாய்க்காலுக்கு இழுத்து வந்திருந்தார். எஞ்சினியர் மகள் போட்ட பாலம் என்று சந்தையில் அவர் சொல்லாத ஆளில்லை.

மூன்று நீளப் பீம்கள். அவற்றை இணைக்கும் குறுக்குப் பீம்கள். கொழும்பு அலுவலகத்துக் கொம்பியூட்டரில் குறுக்குப் பீம் ஒவ்வொன்றும் வெறும் கோடு. இங்கே அது ஆறடி நீளமும் நாலடி ஆழமுமான பெட்டி. அப்போதுதான் அவளுக்குத் தன் பிழை பிடிபட்டது. நீண்டு மெலிந்த பீமுக்குரிய கணக்கு வகையையே அவள் கொம்பியூட்டரில் எல்லாவற்றுக்கும் கொடுத்திருந்தாள். அந்த வகைக்கு வளைவு மட்டும்தான் தெரியும். இப்படிக் கட்டையான பீம் வளைவதோடு வெட்டுவிசையில், பாரம் குறுக்கே வெட்டப் பார்க்கும் விசையில், சற்றுச் சரியவும் செய்யும். அதை விட்டுவிட்டால், குறுக்குப் பீம்கள் உண்மையில் உள்ளதைவிட விறைப்பாகத் தெரியும். பாரத்தை ஓரப் பீம்களுக்கு நன்றாகப் பகிர்ந்துவிட்டதாகக் கணக்கு சொல்லும். உண்மையில் நடுப் பீம்தான் கூடச் சுமக்கும்.

வீட்டில் சோறு ஆறிக் கிடக்கக் கையாலேயே கணக்கை மறுபடி போட்டாள். நடுப் பீமுக்குப் பத்தில் ஒரு பங்கு பாரம் கூடுதல். தாங்கவும் கூடும். ஆனால் விடிந்தால் கொங்கிறீட். தபால் கந்தோருக்கு ஓடிக் கொழும்பு அலுவலகத்துக்குக் கோல் எடுத்தாள். பாலத்தின் படத்தில் கையெழுத்து வைத்த பெரிய எஞ்சினியர் திங்கட்கிழமைதான் வருவாராம்.

காலையில் அவள் வாப்பாவோடு போனபோது கலவை மெசின் சுற்றத் தொடங்கியிருந்தது. வேலையை மேற்பார்க்கும் ஓவசியர் கனகரெத்தினம் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார்.

"பிழை ஆருட, மிஸ்?"

"என்ட."

"கடதாசி இல்லாம நான் நிப்பாட்ட ஏலாது."

வாப்பா அவளை ஒரு பக்கமாகக் கூப்பிட்டார். குரல் தாழ்ந்திருந்தது. "ஊர் முழுக்கச் சொல்லிப்போட்டன், புள்ள."

"ஓம் வாப்பா. ஊர் முழுக்க இதாலதான் போகப்போகுது."

ஓவசியரின் கொப்பியில், நடுப் பீமின் கம்பியை மீளப் பார்க்கும்வரை வேலையை நிறுத்தும்படியும், பிழை தன்னுடையதே என்றும் எழுதினாள். அவர் இரண்டு தரம் வாசித்து, தாளைக் கிழித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, மெசின்காரனுக்குக் கையைக் காட்டினார்.

இரைச்சல் அடங்கியதும் வாய்க்கால் தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது. ஒருவரும் அவளைப் பார்க்கவில்லை. ஒரு தொழிலாளி, பிரித்த சிமெந்துப் பையின் வாயை மடித்து, மேலே கல்லொன்றைத் தூக்கி வைத்தான்.