புள்ளி வைத்தது யார்?

அச்சகத்தில் அவளுக்குச் 'சிவப்பு மை' என்று பெயர். பிழை திருத்த உட்கார்ந்துவிட்டால் பெற்ற தகப்பன் எழுதியதென்றாலும் விடமாட்டாள். அப்பேர்ப்பட்டவள் திருத்தி அனுப்பிய பக்கம் 'க்தை', 'ம்ரம்' என்று அச்சாகித் திரும்பி வந்தால் சும்மா இருப்பாளா?

"கண்ணு என்ன பிடரியிலயா இருக்கு? யாரு வச்ச புள்ளி இதெல்லாம்?"

"நீங்க வச்சதுதான்க்கா! எழுத்து மேல செவப்பா புள்ளி இருந்துச்சு, நானும் போட்டேன்." கணினியில் பக்கம் கட்டுகிறவன் பழைய தாளை நீட்டினான்.

புள்ளிகள் இருந்தன. ஆனால் அவை அவள் பேனா வைத்தவை அல்ல. காகிதத் தூசி என்று இரண்டு வாரமாக அலட்சியப்படுத்திய இருமல் வைத்தவை. கணவரை அழைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனாள்.

பரிசோதனைகள் முடிந்ததும் டாக்டரம்மா சொன்னார்: "கிருமியை அடிக்க வேண்டிய ஆன்டிபாடி உங்க உடம்பையே அடிக்குது. நுரையீரல்லயும் சிறுநீரகத்துலயும் ஒரே மாதிரி மெல்லிய சவ்வு இருக்கு. ரெண்டு இடத்துலயும் அதுதான் குறி."

"சரியா இருக்கற சொல்லைத் தப்புன்னு அடிக்குது. அப்படித்தானே?"

"யாரைப் பார்த்துக் கத்துக்கிச்சோ!" என்றார் கணவர். முறைத்தவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

டாக்டரம்மா சிரிக்கவில்லை. "சீக்கிரம் வந்துட்டீங்க. இது ஒழிஞ்சா சிறுநீரகம் தப்பிச்சுடும். இல்லேன்னா ஆயுசுக்கும் டயாலிசிஸ்தான்."

அன்றே சிகிச்சை தொடங்கியது. ரத்தத்தை எடுத்து, ஆன்டிபாடி கலந்திருந்த நீரைப் பிரித்து, புது நீர் சேர்த்து ஏற்றினார்கள். கை நிறைய மாத்திரை வேறு. இருமல் நின்றது. வார்டில் தொங்கிய அறிவிப்புப் பலகைகளில் பதினோரு சந்திப்பிழைகளையும் கண்டுபிடித்தாள். ஆனாலும் ஆன்டிபாடி ஒழிந்ததா என்ற பரிசோதனை முடிவு வரும் நாளில் காலையிலிருந்தே அவள் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நோயாளிக்குப் புரியட்டும் என்று தமிழிலேயே அடித்த தாளை நர்ஸ் கொடுத்தாள். படித்தவளின் முகம் சிவந்தது.

"பேனா எடுங்க!"

பேனாவை எடுத்துக் கொடுத்த கணவருக்கு உயிரே போய்விட்டது. "என்னடி? இருக்கா?"

"இருக்கே! எவ்வளவு பெரிய தப்பு! 'கண்டரியப்படவில்லை'யாம். எந்த 'ற' போடணும்னுகூடத் தெரியலையே!"

அவர் தாளைப் பிடுங்கி இரண்டு முறை படித்தார். ஆன்டிபாடி கண்டரியப்படவில்லை. அப்படியே நாற்காலியில் சரிந்து சின்னப்பிள்ளை போல அழுதார்.

"அடி பைத்தியமே, தப்பைப் பார்க்காதே. என்ன எழுதியிருக்குன்னு படி!"

அவள் படித்தாள். மறுபடியும் படித்தாள். பிறகு பேனாவை மூடி அவர் சட்டைப்பையில் செருகினாள்.

"அந்த 'ர' அப்படியே இருக்கட்டும்," என்றாள்.