கமலாம்பிகையின் கதவு அட்டை

எங்கள் பிளாக்கில் உயிரோடு இருப்பதற்கு அட்டை காட்ட வேண்டும். ஜாலான் புசார் பக்கம், வயதானவர்களுக்கென்றே கட்டிய ஓரறை வீடுகள். ஒவ்வொரு கதவிலும் ஓர் அட்டை தொங்கும். ஒரு பக்கம் சிவப்பு, மறுபக்கம் பச்சை. காலை ஒன்பதுக்குள் நாமே அதைப் பச்சைக்குத் திருப்பிவிட வேண்டும். ஒன்பதரைக்குக் கீழ்த்தளத்து முதியோர் நிலையத்தின் ஊழியர் சங்கீதா வரிசையாகப் பார்த்துக்கொண்டே வருவார். சிவப்பாக இருந்தால் தட்டுவார், பதில் இல்லாவிட்டால் சாவி போட்டுத் திறப்பார். மாலையில் எல்லாவற்றையும் மறுபடி சிவப்பாக்கிவிட்டுப் போவார். எழுபத்தெட்டு வயதில் இப்படியும் ஒரு பிழைப்பு.

பக்கத்து வீட்டுக் கமலாம்பிகைக்கு இந்த ஏற்பாடு அடியோடு பிடிக்காது. முப்பது வருடம் ஓர் அலுவலகத்தில் கிளார்க்காக இருந்தவர். தனியாக இருப்பவர். காலை பத்து மணி வரை அவருக்குப் பூசை. நடுவில் யாராவது கதவைத் தட்டினால் அன்று முழுக்க முகம் கடுகடுவென்று இருக்கும்.

"மிஸ்டர் ஞானசேகரன், நீங்க ஏழு மணிக்குக் கோப்பி குடிக்கக் கீழ போறீங்கதானே? போற வழியில என்னுடையதையும் திருப்பி விடுங்கோ," என்றார் ஒருநாள்.

"அதுக்கென்ன லா, செஞ்சிட்டாப் போச்சு," என்றேன்.

எட்டு மாதம் திருப்பினேன். சனிக்கிழமைகளில் எனக்கு அவர் வைத்த தேங்காய்ப்பால் சொதி ஒரு கிண்ணம் வரும். பஸ் ஓட்டிய காலத்தில்கூட நான் இவ்வளவு நேரம் தவறாமல் இருந்ததில்லை. போகப்போக மனம் அதில் இல்லை, கை தானாகத் திருப்பியது.

ஜூன் மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை திருப்பினேன். புதன்கிழமையும் திருப்பினேன். புதன் மத்தியானம் அவருடைய மகள் சயந்தினி பூன் லேயிலுள்ள தன் வீட்டிலிருந்து போன் போட்டுப் போட்டுப் பார்த்துவிட்டுச் சங்கீதாவை அனுப்பினாள். கமலாம்பிகை குளியலறைத் தரையில் கிடந்தார். உதவிக்கு இழுக்கும் கயிறு அங்கே உண்டு. நனைகிறதே என்று அவரே அதைச் சுருட்டி உயரத்தில் கட்டி வைத்திருந்தார்.

இரண்டு நாள் கழித்து, ஆஸ்பத்திரியில் இருந்த அம்மாவின் துணிமணிகளை எடுக்க வந்த சயந்தினி, கதவு வாசலிலேயே சங்கீதாவைப் பிடித்துக்கொண்டாள்.

"ஒன்றரை நாள் கிடந்திருக்காங்கன்னு டாக்டர் சொல்றார். நீங்க என்னதான் செக் பண்ணீங்க?"

"ரெண்டு நாளும் அட்டை பச்சையா இருந்துச்சு மேம். சத்தியமா பச்சைதான்."

"தரையில கிடந்தவங்க எழுந்து வந்து திருப்பினாங்களா? பொய் சொல்லாதீங்க."

சங்கீதா அழுதுவிட்டார். நான் என் கதவில் சாய்ந்துகொண்டு இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தேன். திருப்பியது நான்தான் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். சயந்தினி என் பக்கம் திரும்பினாள்.

"அங்கிள், அம்மா தொண்டை கிழியக் கூப்பிட்டிருக்காங்க. உங்களுக்கு ஒண்ணும் கேக்கலையா?"

"கேக்கலைம்மா."

அது பொய்யில்லை. காதுக் கருவியை நான் காப்பி குடித்துவிட்டு வந்துதான் மாட்டுவேன்; அதற்குள் அவர் குரல் ஓய்ந்திருக்க வேண்டும். கதவுக்கு அந்தப் பக்கம் அவர் கத்திக்கொண்டிருக்க, இந்தப் பக்கம் அவர் நலமாக இருக்கிறார் என்று நான் திருப்பி வைத்துவிட்டு லிஃப்டுக்கு நடந்திருக்கிறேன். ஒருநாள் அல்ல, இரண்டு நாள். நான் ஒரு கோழை, வேறென்ன சொல்ல? அடுத்த வாரத்திலிருந்து சங்கீதாவை வேறெங்கோ மாற்றிவிட்டார்கள்.

அதன்பிறகு சாப்பாடு இறங்கவில்லை. மகளிடம் சொல்லத் துணிவில்லாவிட்டாலும் கமலாம்பிகையிடமாவது சொல்லிவிட வேண்டும், அவர் என்னை நாலு வார்த்தை திட்டினால்தான் எனக்குத் தூக்கம் வரும் என்று தோன்றியது. சுவா சூ காங் பக்கம் ஒரு பராமரிப்பு இல்லத்தில் அவரைச் சேர்த்திருந்தார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை கிளம்பிப் போனேன்.

எட்டுக் கட்டில் போட்ட அறையில் ஜன்னலோரக் கட்டில் அவருடையது. பாதியாக இளைத்திருந்தார். கண் மட்டும் கதவிலேயே இருந்தது. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

"கமலாம்பிகை, நான் ஒண்ணு சொல்லணும். அந்த ரெண்டு நாளும் உங்க அட்டையைத் திருப்பினது நான்தான். நின்னு பார்க்காமப் போயிட்டேன். என்னை மன்னிச்சிடுங்க."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். யாரோ அந்நியரைப் பார்க்கும் பார்வை.

"நீங்க யாரெண்டு தெரியல. நான் விழுந்து கிடக்கிறன். எழும்ப ஏலாது. பக்கத்து வீட்டுல ஞானசேகரன் எண்டு ஒருத்தர் இருக்கிறார். நல்ல மனுசன். ஏழு மணிக்கு என்ர வாசலுக்கு வருவார். ஒருநாளும் தவற மாட்டார்."

"நான்தாங்க ஞானசேகரன். வந்துட்டேன், பாருங்க."

அவர் விரலை உதட்டில் வைத்தார்.

"சத்தம் போடாதீங்கோ. அவர் வாற சத்தம் எனக்குக் கேக்காமப் போயிடும்."