துளசியின் சீட்டு

ரூபிணி டீச்சருக்குக் கைப்பேசியை வைத்த இடம்கூட மறந்துபோகும். ஆனால் தலைமையாசிரியர் நடராஜா அந்த பிஸ்கட் டின்னைக் குப்பைத் தொட்டியில் கவிழ்த்த நாளை மட்டும் மூன்று மாதமாக நெஞ்சில் வைத்துப் பொத்திப் பொத்தி வளர்த்தாள்.

பத்தாங் பெர்ஜுந்தாய் ஊருக்கு உள்ளே, செம்பனைத் தோட்டத்துப் பள்ளி. இரண்டாம் ஆண்டு வகுப்பில் பதினோரு பிள்ளைகள். ஒரு பக்கம் வாசித்தால் ஆளுக்கொரு கேள்வி எழுதி டின்னில் போட வேண்டும். டின்னில் விழுந்த கேள்விக்குப் பதில் தேடாமல் வகுப்பு கலையக்கூடாது. அது ரூபிணி போட்ட சட்டம். எழுத்தைக் கண்டாலே தலையைக் குனிந்துகொள்ளும் துளசி, டின்னிலிருந்து எடுக்கும் சீட்டு தன்னுடையதா என்று பார்க்கவே எழுத்துக் கூட்ட ஆரம்பித்தாள்.

அன்று உள்ளே வந்த நடராஜா ஒரு சீட்டை எடுத்தார். துளசியுடையது. "யானைக்குப் பசித்தால் யாரிடம் சொல்லும்?" உரக்கப் படித்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார்.

"கேள்வி கேக்கறது டீச்சர் வேலை. பதில மனப்பாடம் பண்றதுதான் ஒங்க வேலை, தெரிஞ்சுதா?"

டின் குப்பைக்குப் போனது. ரூபிணி வெண்பலகையைப் பார்த்தபடி நின்றாள். அதற்குப் பிறகு துளசி வாசிக்க வாயே திறக்கவில்லை. மனுஷனா இவர் என்று ரூபிணி உள்ளுக்குள் பொருமினாள்.

கோலா சிலாங்கூரிலிருந்து கல்வி அதிகாரி அமராவதி வரும் நாளும் நெருங்கியது. வாசிக்க வேண்டிய பக்கத்தை நடராஜாவே கொடுத்தார். பள்ளி மலரில் அவரே எழுதிய 'எங்கள் நூலகம்'. பிள்ளைகள் தினமும் அங்கே உட்கார்ந்து ஆனந்தமாக வாசிக்கிறார்களாம்! அது எப்போதும் பூட்டிக் கிடக்கும் அறை. உள்ளே உடைந்த நாற்காலிகளும் விளையாட்டுப் போட்டிக் கூடாரமும் கிடப்பதைப் பிள்ளைகள் ஜன்னல் வழியாகப் பார்த்ததுதான்.

"அஞ்சு கேள்வி, அஞ்சு பதில். இதையே மனப்பாடம் பண்ண வெச்சிருங்க லா, டீச்சர்."

"சரிங்க சார்," என்று சிரித்தாள் ரூபிணி. அந்தக் கேள்வி பதில் தாளை மேசைக்குள் போட்டுப் பூட்டிவிட்டுப் புது டின் ஒன்று வாங்கி வந்தாள்.

அதிகாரி முன்னால் பிள்ளைகள் கட்டுரையை வாசித்து முடித்தார்கள். துளசி மட்டும் உதட்டை அசைக்கவில்லை.

"இப்ப சீட்டு எழுதுங்க," என்றாள் ரூபிணி. நடராஜாவின் முகம் கறுத்தது.

அமராவதியே டின்னில் கைவிட்டு ஒவ்வொன்றாகப் படித்தார். "நூலகத்தில் கூடாரம் ஏன் இருக்கிறது?" அது ஷர்வின் எழுதியது. "சாவி யாரிடம் இருக்கிறது?" "நாங்கள் எப்போது உள்ளே போனோம்?"

அமராவதி எழுந்தார். "சாவியக் கொண்டாங்க, சார். போய்ப் பாத்துருவோம்."

நடராஜாவுக்கு வேர்த்துக் கொட்டியது. அந்த வேர்வையின் ஒவ்வொரு சொட்டும் ரூபிணிக்கு இனித்தது. நல்லா வேணும் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டாள்.

அவர்கள் போன பிறகு டின்னின் அடியில் ஒரு சீட்டு மிச்சமிருந்தது. கோணல் எழுத்து. துளசி எழுதிவிட்டாள்! ரூபிணிக்குக் கண் கலங்கியது.

"நீயே படிம்மா."

துளசி எழுந்து, விரலை வைத்து, ஒரு சொல்லும் தப்பாமல் வாசித்தாள்:

"டீச்சர், அன்று சார் சிரித்தபோது நீங்கள் ஏன் சும்மா இருந்தீர்கள்?"

மணி அடித்தது. பதினோரு பிள்ளைகளில் ஒருவரும் எழுந்திருக்கவில்லை.