எக்ஸ்ரேக்காரம்மாவும் இரண்டு கேமராக்களும்

“மூச்சை நல்லா இழுங்க… அப்படியே பிடிங்க.”

கேமராக் கடைப் பெண் கண்ணாடி மேஜைக்கு அந்தப் பக்கம் நின்றபடி மூச்சைப் பிடித்துக்கொண்டாள். நாலாவது சனிக்கிழமையாக நடக்கிற கூத்து இது. முதல் வாரம் அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்துவிட்டது. இரண்டாவது வாரம், “எதுக்கு மேடம் மூச்சைப் பிடிக்கணும்?” என்று கேட்டாள். இப்போதெல்லாம் எக்ஸ்ரேக்காரம்மா கேமராவைத் தூக்கினாலே போதும், அந்தப் பெண் தோள்களைப் பின்னுக்குத் தள்ளி, கன்னங்களை உப்பிக்கொண்டு தயாராகிவிடுகிறாள்.

கேமரா ‘டிக்’ என்றது.

“விடலாம்” என்றாள் எக்ஸ்ரேக்காரம்மா.

ஆஸ்பத்திரியில் எல்லோருக்கும் அவள் எக்ஸ்ரேக்காரம்மாதான். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டோடு சரி. முப்பத்தொரு வருஷமாக, ஒரு நாளைக்கு அறுபது எழுபது பேரைப் பலகையில் நெஞ்சு ஒட்ட நிறுத்தி, மூச்சை இழுக்கச் சொல்லி, பிடிக்கச் சொல்லி, விடச் சொல்லி அனுப்பிக்கொண்டிருக்கிறாள். இத்தனை ஆயிரம் பேரைப் படம் பிடித்தவள் ஒரு முகத்தைக்கூட ஒழுங்காக எடுத்ததில்லை என்பது அவளுக்குப் பெரிய குறை. விலா எலும்பு சிரிக்காது. முட்டிச் சில்லுக்குக் கோபம் வராது. ஒரு தடவையாவது, உயிரோடு இருக்கிற ஒரு முகத்தை, அது இருக்கிறபடியே எடுத்துவிட வேண்டும் என்று வெகுநாளாக ஆசை.

அந்த முகம் யாருடையது என்று கேட்கவே வேண்டாம். மகளுடையதுதான். வேலை கிடைத்து வெளிநாடு போகிறாள். மூன்று வருஷ ஒப்பந்தம். நடுவில் வந்து போக முடியாது. கிளம்புவதற்கு முன் ஐந்து நாள் வீட்டில் இருக்க, வருகிற வெள்ளிக்கிழமை வருகிறாள். அதற்குள் கேமரா வாங்கியாக வேண்டும். எதை வாங்குவது என்பதில்தான் நாலு வாரமாக இழுபறி.

இரண்டும் ‘மிரர்லெஸ்’ என்கிற புது ரகக் கேமராதான். சின்னது கைப்பைக்குள் அடங்கிவிடும். தலையில் மூன்று உலோகத் திருகுகள். திருகினால் ஒவ்வொரு எண்ணுக்கும் விரல் நுனியில் ஒரு சிறு தட்டல் தெரியும். அவள் வேலைக்குச் சேர்ந்த காலத்து எக்ஸ்ரே மெஷினில் இப்படித்தான் திருகுகள் இருந்தன, இப்போது எல்லாம் தொடுதிரை ஆகிவிட்டது. இந்தச் சின்னதில் எடுத்தால் தோலின் நிறம் தோலின் நிறமாகவே வந்தது. முதல் நாளே அவளுக்கு மனசு அதன் மேல் விழுந்துவிட்டது. பெரியது கறுப்பாக, கனமாக, முரட்டுக் கைப்பிடியோடு இருந்தது. ஆளின் கண்ணைத் தானாகத் தேடிக் கண்டுபிடித்து ஃபோகஸ் செய்யும். “உள்ள இருக்கற சென்சாரே அசைஞ்சு குடுத்து கை ஆட்டத்தைச் சரிக்கட்டிடும் மேடம். சின்னதுல அது கிடையாது” என்று கடைப் பெண் சொன்னபோது, “கை ஆட்டமா? அது நமக்கு எதுக்கு?” என்று அவள் ஒதுக்கிவிட்டாள். எக்ஸ்ரேக்காரியிடம் போய்க் கை ஆட்டத்தைப் பற்றிப் பேசுவதா?

கணவருக்கு இதெல்லாம் வேடிக்கை. அவர் டிரைவிங் ஸ்கூலில் சொல்லிக்கொடுப்பவர். பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, தனக்கென்று இருக்கும் பிரேக்கை மிதித்தே பாதி ஆயுளைக் கழித்தவர். வீட்டில் டிவி பார்க்கும்போது அதில் ஒரு கார் வேகமாகத் திரும்பினால்கூட அவருடைய வலது கால் தரையை அழுத்தும்.

“நாலு வாரமா ரெண்டையும் தூக்கித் தூக்கிப் பாத்துட்டு வெறுங்கையோட வர்ற. அடுத்த வாரம் உன் தலையைப் பாத்ததும் அந்தப் பொண்ணு ஷட்டரை இறக்கப் போறா.”

“நீங்க பேசாதீங்க. வண்டிய நிறுத்த மட்டுந்தான் உங்களுக்குத் தெரியும்.”

“நான் நிறுத்தலைன்னா ஊர்ல பாதி சுவர் இருக்காது, தெரிஞ்சுக்க.”

வீட்டில் மகளின் போட்டோக்கள் இல்லாமல் இல்லை. ஒரு ஆல்பம் நிறைய இருக்கின்றன. எல்லாம் இரவல் கேமராவிலும் பழைய போனிலும் இவளே எடுத்தவை. கோளாறு என்னவென்றால், ஒவ்வொரு தடவையும் எடுக்கும்முன் வாய் தானாக, “மூச்சைப் பிடி” என்று சொல்லிவிடும். ஆகவே மூன்று வயதில் ஊஞ்சலில், ஏழு வயதில் பள்ளிக்கூடச் சீருடையில், பதினாறில் கோப்பையோடு, பட்டம் வாங்கிய அன்று கறுப்பு அங்கியோடு, எல்லாவற்றிலும் மகள் கன்னத்தை உப்பிக்கொண்டு, கண்ணை உருட்டிக்கொண்டு, தண்ணீருக்குள் முங்கப்போகிறவள் மாதிரியே நிற்கிறாள். கணவருக்கும் அதே பழக்கம் தொற்றிக்கொண்டது. போட்டோ என்றாலே அப்பாவும் மகளும் சேர்ந்து உப்பிக்கொள்வார்கள். “இந்த ஆல்பத்துல நான் ஒரு தடவைகூட மூச்சு விடலம்மா” என்று மகள் சிரிப்பாள். அப்போது இவளும் சேர்ந்து சிரித்தாள். இப்போது புரட்டினால் சிரிப்பு வருவதில்லை. இருபத்தாறு வருஷம் கண்ணெதிரில் இருந்த பெண்ணின் ஒரு நல்ல சிரிப்பு கையில் இல்லை.

அந்தச் சனிக்கிழமை அவள் தன் மெமரி கார்டையே கொண்டுபோய், இரண்டு கேமராவிலும் பத்துப் பத்துப் படம் எடுத்துவந்தாள். ஞாயிற்றுக்கிழமை காலை கணவர் வகுப்பெடுக்கப் போனதும், கம்ப்யூட்டரில் போட்டுப் பெரிதாக்கிப் பார்த்தாள். பெரியதில் எடுத்த பத்தும் பளிங்கு மாதிரி இருந்தன. கடைப் பெண்ணின் இமை முடியை எண்ணிவிடலாம். சின்னதில் எடுத்ததில் எட்டு கலங்கியிருந்தது.

பழக்கத்தில் அவள் மனசுக்குள் எழுதிக்கொண்டாள்: ‘நோயாளி அசைந்தார்.’

அவளுடைய பிரிவில் ஒரு நோட்டு உண்டு. ஒரு படத்தை மறுபடி எடுக்க நேர்ந்தால் ஏன் என்று அதில் எழுத வேண்டும். கடந்த ஆறு மாதமாக அவள் கையெழுத்தில் அடிக்கடி இருப்பது இந்த இரண்டு வார்த்தைதான். எக்ஸ்ரே எடுக்கும்போது இடதா வலதா என்று தெரிவதற்காக ஈயத்தில் செய்த எழுத்து ஒன்றைத் தட்டில் ஒட்டுவார்கள். எலும்பு கலங்கி, ஈய எழுத்து தெளிவாக இருந்தால் நோயாளி அசைந்தார். ஈய எழுத்தும் சேர்ந்து கலங்கியிருந்தால் குற்றம் நோயாளி மேல் இல்லை; இந்தப் பக்கம் ஏதோ ஆடியிருக்கிறது. புதிதாக வருகிறவர்களுக்கு அவள் சொல்லிக்கொடுக்கும் முதல் பாடமே இதுதான்.

கடைப் பெண்ணின் தலைக்குப் பின்னால் சுவரில், ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது’ என்று ஒரு அட்டை மாட்டியிருந்தது. அவள் அதைப் பெரிதாக்கினாள். ஒவ்வொரு எழுத்தும் இரண்டு இரண்டாகத் தெரிந்தது. அடுத்த படத்திலும் அப்படியே. அதற்கடுத்ததிலும் அப்படியே.

சுவர் எங்கே அசைந்தது?

வலது கையை மேஜையின் மேல் வைத்துப் பார்த்தாள். கட்டை விரலும் ஆள்காட்டி விரலும், கண்ணுக்குத் தெரியாத ஒரு மாத்திரையை உருட்டுவதுபோல மெல்ல ஆடிக்கொண்டிருந்தன. புதிதாக ஒன்றும் பார்க்கவில்லை. ஆறு மாதமாகத் தெரிந்ததுதான். தூக்கம் பத்தவில்லை, வயசாகிறது, காலையில் சாப்பிடவில்லை என்று தினம் ஒரு சாக்குச் சொல்லித் தன்னையே ஏமாற்றிக்கொண்டிருந்தாள். ஆஸ்பத்திரியிலேயே வேலை பார்ப்பவள் டாக்டர் அறை வாசலைக் கண்டால் ஒதுங்கி நடந்தாள். கையை மடியில் போட்டு இடது கையால் பொத்திக்கொண்டாள்.

அதற்குப் பிறகு வந்த நினைப்புதான் அவளை உலுக்கிவிட்டது. மகளிடம் இதைச் சொன்னால் போதும். ஒரே ஒரு வார்த்தை. “அம்மாவுக்குக் கை நடுங்குதுடி.” அவ்வளவுதான், போக மாட்டாள். டிக்கெட்டைத் தூக்கிப் போட்டுவிட்டுப் பக்கத்திலேயே இருந்துவிடுவாள். அவளைத் தெரியாதா? வேலையும் வேண்டாம் வெளிநாடும் வேண்டாம் என்று, முகத்தில் ஒரு சுளிப்புகூட இல்லாமல் தங்கிவிடுவாள். அந்த வாரம் முழுக்க நெஞ்சு எக்ஸ்ரே எடுக்கும்போதும், பாத்திரம் துலக்கும்போதும், பஸ்ஸில் கம்பியைப் பிடித்து நிற்கும்போதும் அந்த ஒரு வார்த்தை அவள் வாயிலேயே கிடந்தது. சொல்லக் கூடாது என்று அவளுக்குத் தெரியும். சொல்லிவிட வேண்டும்போலவும் இருந்தது.

வெள்ளிக்கிழமை மகள் வந்தாள். வீடு நிரம்பிவிட்டது. வந்த ஒரு மணி நேரத்தில் நாற்காலி மேல் துணி, கட்டில் மேல் பெட்டி, குளியலறையில் பாட்டு. எக்ஸ்ரேக்காரம்மா டீயை டம்ளரில் பாதிக்கு மேல் ஊற்றாமல் கொண்டுவந்து வைத்தாள்.

“என்னம்மா, கஞ்சத்தனம் பண்ற? பாதி டம்ளர்தான் குடுக்கற.”

“குடிச்சுட்டு இன்னும் கேளு. எங்கயும் ஓடிடாது.”

கணவர் செய்தித்தாளுக்கு மேலே ஒருமுறை பார்த்துவிட்டு மறுபடி படிக்கத் தொடங்கினார்.

மறுநாள் மூன்று பேருமாகக் கடைக்குப் போனார்கள். “இவங்கதானா மேடம்?” என்று கடைப் பெண் வாயெல்லாம் பல்லாக இரண்டு கேமராவையும் எடுத்து மேஜையில் வைத்தாள். மகள் நேராகச் சின்னதைத்தான் எடுத்தாள். பெண் யாருக்குப் பிறந்தவள்!

“ஐயோ, எவ்ளோ அழகா இருக்கு! இந்தத் திருகைப் பாரேன். இதையே வாங்கும்மா.”

“பெரிசே இருக்கட்டும்.”

“போன்ல பேசும்போதெல்லாம் சின்னது சின்னதுன்னுதானே உருகின? அது செங்கல் மாதிரி கனக்குதும்மா.”

கடைப் பெண் நல்லெண்ணத்தோடு குறுக்கே வந்தாள். “கனந்தான். ஆனா கை நடுங்கினாலும் படம் நடுங்காது.”

“கை நடுங்கினாலா? யாருக்குக் கை நடுங்குது?”

கேள்வி சும்மா வந்ததுதான். மகள் கேமராத் திருகைத் திருப்பிக்கொண்டே கேட்டாள், நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. ஆனால் எக்ஸ்ரேக்காரம்மாவுக்கு வாரம் முழுக்க வாயில் கிடந்த வார்த்தை நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. பெரிய கேமராவின் வாரை வலது கையில் சுற்றி இறுக்கிக்கொண்டாள். வாரோடு சேர்ந்து கை ஆடியது. வாயைத் திறந்தாள்.

“எனக்குத்தான்” என்றார் கணவர்.

இரண்டு பேரும் அவரைப் பார்த்தார்கள்.

“இத்தனை வருஷமா கண்டவன் ஓட்டற வண்டில உசிரைக் கையில பிடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கேன். கை ஆடாம என்ன பண்ணும்? நீ போனப்புறம் உங்கம்மாவை நான்தானே போட்டோ எடுத்து அனுப்பணும்? பெரிசுதான் எனக்குத் தோது.”

சாதாரணமாகத்தான் சொன்னார், அவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. எக்ஸ்ரேக்காரம்மா கீழே பார்த்தாள். அவருடைய வலது கால் கடைத் தரையை அழுத்தி மிதித்துக்கொண்டிருந்தது.

இப்போதும் ஒன்றும் கெட்டுவிடவில்லை. இல்லை, அவருக்கில்லை, எனக்கு என்று சொல்லிவிடலாம். மகள் தலையை நிமிர்த்தி அவளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணில் கொஞ்சம் கேள்வி இருந்தது. அதற்கு மேல், செவ்வாய்க்கிழமை விமானம் ஏறப்போகிறவளின் பரபரப்பு இருந்தது.

“ஆமா” என்றாள் எக்ஸ்ரேக்காரம்மா. “உங்கப்பா எடுத்தா எனக்குத் தலையே இருக்காது. அதுக்குத்தான் இது.”

மகள் சிரித்துவிட்டாள். “சரி, வாங்கறதுக்கு முன்னாடி என்னை ஒண்ணு எடு. வெளிச்சத்துல நிக்கறேன்” என்று வாசல் பக்கம் போய், கதவுக் கண்ணாடியில் பார்த்து முடியைச் சரிசெய்யத் தொடங்கினாள்.

அவர் குனிந்து மேஜையில் கிடந்த விலைச் சீட்டைப் படிப்பதுபோல நின்றார். “புதன்கிழமை டாக்டரைப் பாக்கறோம். லீவு சொல்லிட்டேன்.”

“எப்பலேருந்து தெரியும் உங்களுக்கு?”

“நீ டம்ளரை ரெண்டு கையால பிடிக்க ஆரம்பிச்சதுலேருந்து.”

அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. “தள்ளி நில்லுங்க, படத்துல விழப்போறீங்க” என்று அதட்டினாள். அவர் நல்ல பிள்ளையாக நகர்ந்து, தெரியாமல் வாசல் பக்கமே போய் நின்றார்.

எக்ஸ்ரேக்காரம்மா இரண்டு முழங்கைகளையும் கண்ணாடி மேஜையில் ஊன்றிக்கொண்டாள். எக்ஸ்ரே எடுக்கும்போது நோயாளிகளின் நடுங்கும் கால்களுக்கு அவள் மணல் பை வைத்து முட்டுக்கொடுப்பது இப்படித்தான். திரையில் மகள் வந்தாள். கேமரா கண்ணைத் தேடிப் பிடித்து ஒரு சின்னச் சதுரம் போட்டது. தோள்கள் பின்னுக்குப் போயின, கன்னங்கள் உப்பின. இருபத்தாறு வருஷப் பழக்கம்.

“மூச்சைப் பிடிக்காதடி” என்றாள். “விடு.”

“என்னது?”

“விடுன்னேன். நல்லா மூச்சு விடு.”

“அம்மா! உனக்கு என்ன ஆச்சு?” என்று மகள் நம்ப முடியாமல் வாய்விட்டுச் சிரித்தாள். எக்ஸ்ரேக்காரம்மா தன் மூச்சைப் பிடித்துக்கொண்டு அழுத்தினாள்.

திரையில் படம் வந்து நின்றது. தலை பின்னால் சாய்ந்து, ஒரு கண் பாதி மூடி, உதட்டோரம் ஒரு முடி ஒட்டிக்கொண்டிருக்க மகள் சிரித்துக்கொண்டிருந்தாள். காதோரத்துப் பூனைமயிர் தனித்தனியாகத் தெரிந்தது. அவளுக்குப் பின்னால், கதவோரத்தில், கொஞ்சம் மங்கலாக அவர் நின்றிருந்தார். தோள்களைப் பின்னுக்குத் தள்ளி, கன்னம் இரண்டையும் உப்பிக்கொண்டு, இவள் விடச் சொல்லட்டும் என்று மூச்சைப் பிடித்தபடி.