ஏழு மரத்து நிழற்புல்

இரும்புலியூரில் குப்புராஜின் தரிசில் ஏழு தூங்குமூஞ்சி மரங்கள் நின்றன. வெட்டிவிட்டால் நிலம் முழுக்கப் புல் மண்டும் என்பது அவர் எண்ணம். அங்கே புல்லறுத்துப் பசுவுக்குப் போடும் கிளியம்மாளுக்கு அதில் சம்மதமில்லை. சித்திரையில் வெட்டவெளிப் புல் கருகிப்போகும், நிழற்புல்தான் கைகொடுக்கும். கன்று போட்டு இருபதே நாளான பசு. பால் வற்றினால் அவள் பிழைப்பும் வற்றும்.

அவளிடம் பால் வாங்கும் ஜெபசீலன், தாம்பரம் கல்லூரியில் தாவரவியல் ஆய்வுக்கூட உதவியாளர். அவரைப் போய்ப் பார்த்தாள்.

"மரத்த வெட்ட வேணாம்னு ஒரு வார்த்தை சொல்லு சார். நீ சொன்னா அவரு கேப்பாரு."

"வார்த்தை எதுக்கு? எடை போட்டே பார்த்துடலாம்," என்றார் அவர். குப்புராஜும் சரி என்றார்.

அது மாசி மாதம். ஜெபசீலன் மூங்கில் சட்டம் வைத்து, நிழலிலும் வெளியிலும் ஒரே அளவு இடத்தில் புல்லை அறுத்தார். மூன்று நாள் உலர்த்தி நிறுத்தார். வெளிப்புல் ஒன்றேகால் கிலோ. நிழற்புல் எழுநூறு கிராம்.

குப்புராஜ் சிரித்தார். "உன் சாரே சொல்லிட்டாரும்மா. இன்னும் இன்னா?"

"உள்ளதைத்தானே நான் எழுத முடியும்," என்று ஜெபசீலன் தரையைப் பார்த்தார்.

கிளியம்மாள் வெளிப்புல்லைக் கையில் அள்ளினாள். கதிர் விட்டு முற்றிய தண்டுதான் பாதிக்கு மேல்.

"நீ புல்ல எடை போட்ட சார். மாடு துன்னத எப்போ போடுவ?"

ஜெபசீலன் மறுநாளே தராசைத் தொழுவத்துக்குக் கொண்டுவந்தார். ஒருநாள் வெளிப்புல், ஒருநாள் நிழற்புல் என்று பத்துப்பத்து கிலோ போட்டு, சாயங்காலம் தொட்டியில் மிஞ்சியதை நிறுத்தார். பத்து நாள் விடாமல் செய்தார். வெளிப்புல் போட்ட நாளெல்லாம் நாலு கிலோ தண்டு மிஞ்சியது. நிழற்புல் போட்ட நாளில் அரைக்கிலோகூட மிஞ்சவில்லை.

கணக்கைக் குப்புராஜிடம் நீட்டினார். "ஒரே அளவு இடத்துப் புல்லுல மாடு தின்றதை மட்டும் பார்த்தா, இப்பவும் வெளிப்புல்தான் ஒரு பிடி கூட. ஆனா இது மாசி. சித்திரையில வெளியில என்ன இருக்கும்னு நீங்களே சொல்லுங்க."

குப்புராஜ் தாடையைச் சொறிந்தார். "மரத்த வாங்க வர்ற மரவாடிக்காரன்கிட்ட வாக்கு குடுத்துட்டேனே, சும்மா அனுப்ப முடியாது. மூணு போவட்டும், நாலு நிக்கட்டும். எந்த மூணுன்னு நீயே காட்டும்மா."

கிளியம்மாள் மரம் மரமாக நடந்தாள். ரோட்டோரம் ஆள் மிதித்துப் புல் அண்டாத மூன்றைக் காட்டினாள். நாலு மரத்து நிழல் ஒரு மாட்டுக்குப் போதும். கன்று வளர்ந்தால் என்ன செய்வது என்று அன்றைக்கு அவள் கேட்கவில்லை.