பதினாறு கோழிகளும் ஒரு மறுதேர்வும்

மறுதேர்வு அன்று நான் கத்தினேன் என்கிறான் என் பழைய மாணவன் நயீம். குரலை உயர்த்தவே இல்லை என்றுதான் எனக்கு நினைவு. எது சரி என்று இப்போது உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

புதுச்சத்திரம் பக்கத்தில் ஒரு கல்லூரியில் விலங்கியல் நடத்துகிறேன். அகமதிப்பெண்ணில் இருபத்தைந்துக்குக் குறைந்தது பத்து எடுக்காதவர்களுக்கு ஹால்டிக்கெட் கிடையாது, ஒரு வருடம் போய்விடும். மூன்றாம் ஆண்டில் மூன்று பேர் அப்படி நின்றார்கள். முதல்வரின் அறைக்கு நாலு முறை நடந்து ஒரு மறுதேர்வு வாங்கினேன். "இதுதான் கடைசி. பேப்பரை நானும் பார்ப்பேன்" என்றார்.

ஒரே கேள்வி. அதையும் ஒரு வாரம் முன்பே கரும்பலகையில் எழுதிப் போட்டேன்: கோழியின் செரிமான மண்டலத்தை விளக்குக. புத்தகத்தைப் பார்த்தே எழுதலாம் என்றும் சொன்னேன். இதற்கு மேல் எப்படி இறங்கி வருவது?

சேலத்திலிருந்து பஸ்ஸில் வரும் நயீம் வெறுங்கையோடு வந்தான்.

"புக் எங்கடா?"

"பாத்து எழுதலாம்னு சொன்னீங்களா, புக்கும் நீங்களே குடுப்பீங்கன்னு நெனச்சேன் சார்."

அகல்யா கொண்டுவந்திருந்தாள். முன்னும் பின்னும் புரட்டினாள்.

"இதுல கோழியே இல்லீங்க சார்."

வாங்கிப் பார்த்தேன். முதலாம் ஆண்டுப் புத்தகம். முதுகெலும்பில்லாத உயிரினங்கள்.

"அவளுக்கு ஏத்த புக்குதான் சார்" என்றான் நயீம்.

"உனக்கு அதுவுமில்லயே, மூடிட்டு எழுது" என்றாள் அகல்யா.

அன்பழகன் இருபது நிமிடம் கழித்து வந்து வாசலில் நின்றான். விடிகாலையில் அவனுக்குக் கோழிப்பண்ணையில் வேலை. சட்டையில் ஒரு இறகு ஒட்டியிருந்தது, கையில் புத்தகம் இல்லை.

"மன்னிச்சுக்கங்க சார். பண்ணையில பதினாறு கோழி செத்துப்போச்சுங்க. டாக்டர் அறுத்துக் காட்டச் சொன்னாருங்க. தீனிப்பையில தீனி அப்படியே கெடக்குதுங்க. அரைக்கற பையில ஒண்ணுமில்லீங்க. குடலு பூரா ரத்தமுங்க. கடைசியில ரெண்டா பிரியுதில்லீங்க, அதுலயும் ரத்தம்..."

போய் உட்காரச் சொன்னேன். கேள்வியின் எண்ணை எழுதி, ஸ்கேல் வைத்து இரண்டு கோடு போட்டான். பிறகு மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அரை மணி நேரம் நான் அவனையே பார்த்துக்கொண்டிருந்தேன். வாசலில் நின்று அவன் சொன்னது பாதி விடை. அது அவனுக்குத் தெரியவில்லை. மூன்று வருடமாக நான் இவனுக்கு என்னதான் நடத்தினேன் என்று யோசிக்க யோசிக்க, கோபம் யார் மேல் என்பதே குழம்பிப்போனது. எழுந்து அவனிடம் போனேன்.

"வாசல்ல நின்னு என்ன சொன்னே? அதை அப்படியே எழுது."

"அது பண்ணைங்க சார். இது பரீட்சைங்களே."

"எழுதுடா!"

கத்தியிருந்தால் இங்கேதான் கத்தியிருப்பேன். அவன் முகம் சுண்டிப்போனது. தலையைக் குனிந்து எழுதத் தொடங்கினான்.

மாலையில் திருத்தினேன். நயீம், கோழி ஒரு பறவை என்று தொடங்கி முட்டையின் பயன்களில் முடித்திருந்தான். ஒரு மதிப்பெண். அகல்யா கரப்பான்பூச்சியின் செரிமான மண்டலத்தைப் பார்த்து எழுதி, கரப்பான்பூச்சி வரும் இடத்திலெல்லாம் கோழி என்று மாற்றியிருந்தாள். வாய், உணவுக்குழாய், தீனிப்பை, அரைவைப்பை எல்லாம் இரண்டுக்கும் உண்டு என்பதால் நான்கு.

அன்பழகன் எழுதியிருந்தது ஒரு கடிதம். அனுப்புநர், பெறுநர், மதிப்பிற்குரிய ஐயா. "இன்று தேர்வுக்குத் தாமதமாக வந்தமைக்கு வருந்துகிறேன். காரணம் பின்வருமாறு." நான் திட்டுவதாக நினைத்து மன்னிப்புக் கடிதம் எழுதியிருக்கிறான். பேனாவை மேசையில் போட்டுவிட்டேன்.

வெகுநேரம் கழித்துத்தான் மீதியைப் படித்தேன். கத்தி போன வழியில், ஒவ்வொரு உறுப்பாக, வரிசை தப்பாமல் இருந்தது. உறுப்புக்கு ஒரு மதிப்பெண் வீதம் போட்டேன். ஒன்பது. மறுபடி படித்தேன். இரண்டாம் பத்தியில், "கழுத்திலிருந்து பைக்கு இறங்கும் குழாயைக் கீறினேன்" என்று ஒரு வரி. உணவுக்குழாய். பத்து.

"இது லெட்டர் இல்லையா?" என்றார் முதல்வர்.

"முழுசாப் படிங்க சார்."

படித்தார். நான் வாய் திறக்கவில்லை, இது மட்டும் நன்றாக நினைவிருக்கிறது. கடைசியில் கையெழுத்துப் போட்டார்.

அன்பழகன் அந்த வருடமே தேறினான், இப்போது அதே பண்ணையில் மேற்பார்வையாளர். நயீமும் அகல்யாவும் ஒரு வருடம் கழித்து எழுதித் தேறினார்கள். நயீம் சேலத்தில் அவன் அத்தாவின் செருப்புக் கடையில் இருக்கிறான், அகல்யா நாமக்கல்லில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில். முதல்வர் ஓய்வு பெற்றுவிட்டார். நான் அதே வகுப்பில்தான் இருக்கிறேன்.