வெளுத்துப் போன கில்லரூ

அயர்லாந்தின் லீட்ரிமில் எங்கள் ஏரியில் டிரவுட் மீன் ஒரே இனம்தான், ஆனால் மூன்று வம்சம். பனி யுகம் முடிந்தபோது தனித்தனிக் கூட்டங்களாக வந்து சேர்ந்தவை என்பார்கள். கறுத்த சோனஹன் வம்சம் சிற்றோடைகளில் முட்டையிடும். ஃபெராக்ஸ் ஆழத்தில் கிடந்து மற்ற மீன்களைத் தின்னும். பொன்னிற உடம்பில் சிவப்புப் புள்ளி போட்ட கில்லரூ நத்தை தின்னும்; ஏரியிலிருந்து வெளியேறும் ஆற்றில்தான் முட்டையிடும்.

அக்டோபர் வெள்ளத்தில் கோர்மக்கின் மீன் வளர்ப்புக் குளம் உடைந்து, பண்ணை டிரவுட் எல்லாம் ஏரிக்குள் பாய்ந்துவிட்டது. அவன் தங்கை டிம்ப்னா, கில்லரூ பிடிக்க வருகிறவர்களுக்குப் படகு விட்டுப் பிழைப்பவள். பண்ணை மீன் கலந்தால் வம்சமே கெடும். அன்றிலிருந்து அண்ணனோடு பேச்சில்லை. அவன் தினமும் வலை போட்டும் ஓடிப்போனதில் பாதிகூடச் சிக்கவில்லை.

நவம்பரில் ஆற்றைப் பார்க்கப் போனவள் திடுக்கிட்டாள். முட்டையிடும் இடமெல்லாம் பண்ணை மீனைப் போல வெளிறிய மீன்கள். உடனே அண்ணனுக்குப் போன் போட்டாள்.

"உன் பிள்ளைங்க இங்க குடித்தனம் போட்டாச்சு. வந்து பாரு!"

கோர்மக் கைவலையும் கறுப்பு வாளியுமாக ஓடி வந்தான். ஒன்றைப் பிடித்து வாளியில் விட்டுக் குனிந்து பார்த்தான்.

"வாலப் பாரு. பண்ணையில நெருக்கி வளந்ததுன்னா உரசி உரசித் தேஞ்சிருக்கும். இது முழுசா இருக்கே."

"நிறம்? பேய் மாதிரி வெளுத்துக் கெடக்கு!"

"வெள்ளம் பாசிய அரிச்சிட்டுப் போயிருச்சு. கல்லு வெளுத்துச்சு, மீனும் கூடவே வெளுத்துச்சு."

"உன் வாய நம்பணுமாக்கும்?"

"என் வாய நம்பாத. அது வயித்தத் தொட்டுப் பாரு."

கையை நனைத்துக்கொண்டு மெல்ல அழுத்தினாள். விரலுக்கடியில் நத்தை ஓடுகள் நறநறத்தன. கில்லரூவேதான். தண்ணீரிலேயே உட்கார்ந்துவிட்டாள், பூட்ஸுக்குள் ஆறு புகுந்ததுகூடத் தெரியவில்லை.

மேலும் சிலவற்றைப் பிடித்துப் பார்த்தார்கள். பண்ணை மீன் ஒன்றுகூட இல்லை. அதற்குள் கறுப்பு வாளியில் கிடந்த முதல் மீனுக்கு நிறம் ஏறி, சிவப்புப் புள்ளிகள் பளிச்சென்று தெரிந்தன. அதை ஆற்றில் விட்டாள்.

"ஏரியில இன்னும் உன் மீன் கெடக்கு. நாளைக்கும் வலையோட வந்துரு," என்றாள். "இப்ப வீட்டுக்கு வா. பன்றிக்கறியும் முட்டைக்கோசும் வெந்துட்டிருக்கு."

"எங்கூடப் பேசமாட்டேன்னியே?"

"பேசவா கூப்பிட்டேன்? திங்கத்தானே கூப்பிட்டேன்!"